மூன்று பெட்டிகளும் ஒரு மரச்சுத்தியும்

டங்கு அக்காவுக்கு எதன் மேலும் நம்பிக்கை கிடையாது. குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. நம்பாமல் இருப்பதற்குத்தான் அவளுக்குச் சம்பளமே கொடுக்கிறார்கள். பீங்கான் தட்டு செய்கிற தொழிற்சாலையில், சூளையிலிருந்து வெந்து வெளியே வரும் ஒவ்வொரு தட்டையும் இடது கையின் மூன்று விரல் நுனியில் ஏந்த வேண்டும். வலது கையில் ஒரு சின்ன மரச்சுத்தி. அதனால் விளிம்பில் லேசாக ஒரு போடு போட்டு, கண்ணை மூடிச் சத்தத்தைக் கேட்க வேண்டும். நல்ல தட்டு 'டங்' என்று பேசும். கண்ணுக்குத் தெரியாத மயிரிழை விரிசல் இருந்தால் 'டொக்' என்று முனகும். டங் என்றால் அட்டைப்பெட்டிக்கு, டொக் என்றால் ஓரத்தில் இருக்கும் நீலத் தொட்டிக்கு. தொட்டிக்குப் போனது சாயங்காலத்துக்குள் நொறுங்கித் தூளாகிவிடும். பத்தொன்பது வருஷமாக இதே வேலை. பெற்றவர்கள் வைத்த பெயர் அலுவலகப் பதிவேட்டில் மட்டும்தான் இருக்கிறது.

தொழில் புத்தி வீட்டுக்கும் வரத்தானே செய்யும்? பழம் வாங்கும்போது தட்டிப் பார்ப்பது சரி, ஊரே தட்டிப் பார்க்கிறது. இவள் வாளி வாங்கினாலும் தட்டுவாள், நாற்காலி வாங்கினாலும் தட்டுவாள். மகளுக்குப் பார்த்த பையன் முதல் தடவை வீட்டுக்கு வந்தபோது, "நல்லாருப்பா" என்று அவன் முதுகில் தட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்து நின்றாளாம். சத்தம் கேட்டுத்தான் பெண்ணைக் கொடுத்தாள் என்று சம்பந்தி வீட்டில் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள். மகள் இப்போது வேறு ஊரில் நன்றாக இருக்கிறாள் என்பதால் டங்கு அக்காவும் அதை மறுப்பதில்லை.

அந்தத் தொழிற்சாலையில் ஒரு விதி உண்டு. புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லிவிடுவார்கள், பெரும்பாலும் டங்கு அக்காதான் சொல்வாள். "தொடர்ந்து மூணு தட்டு டொக்குன்னு சொல்லிச்சுன்னா நாலாவதைத் தொடாத. நிறுத்து. சுத்தியைப் பாரு." சூளையில் எத்தனை கோளாறு இருந்தாலும் அடுத்தடுத்து மூன்று விரிசல் வருவது அபூர்வம். சுத்தியின் தலை பிளந்திருந்தால் நல்ல தட்டுகூடக் கெட்ட தட்டாகத்தான் பேசும். விதியை மறந்து நூறு நல்ல தட்டுகளைத் தொட்டிக்கு அனுப்பிய ஒருத்தி, மூன்றாம் நாளே வேலைக்கு வரவில்லை.

டங்கு அக்காவின் கணவர் சலூன்காரர். நாற்பத்தொன்பது வயது. மூன்று சுழல் நாற்காலி போட்ட சின்னக் கடை, அதில் ஒரு நாற்காலி சுழலாது. அவர் கத்திரிக்கோல் பிடித்தால் தலைக்கு ஒரு களை வந்துவிடும் என்பார்கள். அந்தக் குடும்பம் தலை நிமிர்ந்தது பாதி அவள் காதால், பாதி அவருடைய வலது கையால். இந்தக் கதை அந்த வலது கையைப் பற்றியதுதான். டங்கு அக்கா வேறு எதையெல்லாமோ பார்த்துக்கொண்டு இருக்கப் போகிறாள். கேட்கிற நீங்களாவது அந்தக் கையின் மேல் ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு சாயங்காலம் டீ குடித்துக்கொண்டிருந்தவர், டம்ளரைக் கீழே வைக்காமலே சொன்னார்.

"எனக்கு ஒரு கீபோர்டு வாங்கலாம்னு இருக்கேன்."

"கம்ப்யூட்டருக்கா?"

"இல்லம்மா. வாசிக்கிற கீபோர்டு. மியூசிக் கத்துக்கலாம்னு."

டங்கு அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். இருபத்தாறு வருஷக் கல்யாண வாழ்க்கையில் இந்த மனுஷன் குளிக்கும்போதுகூட ஒரு பாட்டு முணுமுணுத்தது கிடையாது. இப்போது என்ன திடீரென்று? சலூனுக்கு மேல் மாடியில் ஒரு பாட்டு வகுப்பு நடப்பது அவளுக்குத் தெரியும். சொல்லிக் கொடுப்பது ஒரு பெண் என்பதும் தெரியும். சந்தேகம் சும்மா இருக்குமா? மறுநாளே மாடிக்கு ஏறிப் போய்ப் பார்த்தாள். அவர்கள் மகளைவிடச் சின்னவளாக, சோடாபுட்டிக் கண்ணாடி போட்ட ஒரு பெண், தலை நரைத்த ஒரு பெரிய மனிதரை, "சார், நேத்து வீட்ல பழகவே இல்லல்ல?" என்று காய்ச்சிக்கொண்டிருந்தாள். அந்தச் சந்தேகம் அங்கேயே செத்தது. ஆனால் டங்கு அக்காவிடம் ஒரு சந்தேகம் செத்தால் இரண்டு பிறக்கும்.

டீச்சர் பெண், அடுத்த மாதம்தான் இடம் காலியாகும் என்று சொல்லி, அதுவரை பழக ஐந்து விரல் பாடம் ஒன்றைக் காட்டிக் கொடுத்து, என்ன மாதிரி கீபோர்டு வாங்க வேண்டும் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தாள். அழுத்தி வாசிக்கிற கட்டை அறுபத்தொன்று இருக்கணும். கட்டை முழு அளவில் இருக்கணும், பொம்மை சைஸ் வேண்டாம். கடைசியாக, கோடு போட்டு: அழுத்தத்துக்கு ஏற்றபடி சத்தம் வர வேண்டும்.

"இது என்ன கடைசி வரி?" என்றாள் டங்கு அக்கா.

"மெதுவா அழுத்தினா மெதுவா சத்தம் வரும், ஓங்கி அழுத்தினா ஓங்கி வரும். அப்படி ஒண்ணு இருக்காம்."

"அழுத்தினா சத்தம் வரணும், அவ்வளவுதானே? இதுல என்ன ஏத்த எறக்கம்? அந்தப் பொண்ணுக்கும் கடைக்காரனுக்கும் ஏதோ ஏற்பாடு இருக்கு, பாத்துக்கிட்டே இருங்க."

சலூன்காரர் டீ டம்ளரை எடுத்துக்கொண்டு கழுவப் போனார். அது கைநழுவிக் கழுவு தொட்டியில் விழுந்து உடைந்தது. அந்த மாதத்தில் அது மூன்றாவது டம்ளர். டங்கு அக்கா டம்ளரைச் சந்தேகப்பட்டு, பிடி வைத்ததாகப் பார்த்து வேறு வாங்கினாள்.

விடுமுறை நாளில் இருவரும் இசைக்கருவிக் கடைக்குப் போனார்கள். கண்ணாடிக் கதவு, உள்ளே வரிசையாகக் கிட்டார்கள், ஓரத்தில் நீளமான மேசை மேல் ஏழெட்டு கீபோர்டுகள். விற்பனைப் பையன் என்று சொல்ல முடியாது, முப்பது முப்பத்திரண்டு வயது இருக்கும். கழுத்தில் அடையாள அட்டை, முகத்தில் எப்போதும் ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பே டங்கு அக்காவுக்குப் பிடிக்கவில்லை.

"வாங்கக்கா, வாங்க சார். புதுசா கத்துக்கறவங்களுக்கா? ரொம்பப் பெருசு வேணாம், இது பாருங்க. தூக்கிட்டுப் போறது ஈஸி, பேட்டரிலயும் ஓடும், ஹெட்போன் போட்டு யாருக்கும் தொந்தரவு இல்லாம வாசிக்கலாம்" என்று ஒரு பொத்தானை அழுத்தினான். கீபோர்டு தானாகவே ஒரு பாட்டை வெளுத்து வாங்கியது.

டங்கு அக்கா அதிர்ந்துபோனாள். "யார் வாசிக்கறா?"

"யாருமில்லக்கா. உள்ளயே இருக்கு. டெமோ."

"அப்ப நாளைக்கு இவர் வாசிச்சாரா, பெட்டியே வாசிச்சுதான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"அக்கா, அது வேற..."

"அதை நிறுத்துப்பா முதல்ல."

பிறகு அவள் பெட்டிகளைப் பரிசோதித்தாள். அடியில் தட்டினாள், ஓரத்தில் தட்டினாள், பேட்டரி மூடியைத் திறந்து மூடினாள். தாங்கியை ஆட்டிப் பார்த்தாள். அறுபத்தொரு கட்டையையும் ஒன்று விடாமல் எண்ணினாள், எங்கே ஒன்றைக் குறைத்து வைத்திருப்பார்களோ என்று. எல்லாம் சரியாக இருந்தது. அதனால் அவளுக்குச் சந்தேகம் கூடியது.

"சரி. இப்ப நான் காதால பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று கண்ணை மூடிக்கொண்டாள். "அந்தப் பொண்ணு சொல்லிக் குடுத்த அஞ்சு விரல் பாடம் இருக்குல்ல, அதை வாசிங்க."

பாடம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. வலது கையின் ஐந்து விரலையும் அடுத்தடுத்த ஐந்து கட்டை மேல் வைத்து, கட்டைவிரலில் தொடங்கிச் சுண்டுவிரல் வரைக்கும் ஒவ்வொன்றாக அழுத்த வேண்டும். சலூன்காரர் உட்கார்ந்தார். கையை ஒரு தடவை உதறிக்கொண்டார். வாசித்தார்.

டங், டங், டங், டொக், டொக்.

"நாலாவதும் அஞ்சாவதும் மந்தம்" என்றாள் டங்கு அக்கா, திரும்பாமல்.

கடைக்காரன் அவசரமாக வந்து அதே இரண்டு கட்டையை அழுத்தினான். கணீரென்று வந்தது. "நல்லாத்தானே இருக்குக்கா?"

"நீ எங்க அழுத்தணுமோ அங்க அழுத்தற. உனக்குத் தெரியும்ல உன் பொருளோட சங்கதி. வேற எடு."

இரண்டாவது பெட்டி வந்தது. டங், டங், டங், டொக், டொக். மூன்றாவது பெட்டியை உறை பிரிக்காமல் உள்ளிருந்து எடுத்து வந்தான், பாவம், நெற்றி வியர்த்துவிட்டது. அதிலும் அதே கதைதான். சலூன்காரர் கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். மனைவியின் முதுகைப் பார்த்தார்.

"மொத்த சரக்குமே கோளாறு" என்று தீர்ப்பு சொல்லிவிட்டாள் டங்கு அக்கா. "என்கிட்டயே தள்ளிவிடப் பாக்கறியா? அதோ அந்த மூலையில இருக்கே, அது என்ன?"

"அது இதைவிட விலை கம்மிக்கா. ஆனா அதுல அழுத்தத்துக்கு ஏத்த மாதிரி சத்தம் வராது. எப்படி அழுத்தினாலும் ஒரே மாதிரிதான். கத்துக்கறவங்களுக்கு அது அவ்வளவு..."

"வாசிங்க நீங்க."

டங், டங், டங், டங், டங். ஐந்தும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி வந்து நின்றன. டங்கு அக்காவின் முகம் மலர்ந்தது. நல்ல சரக்குக்கு அடையாளம் அதுதானே, ஒன்று மாதிரியே இன்னொன்று இருப்பது?

"இதையே எடுத்துக்கலாம்மா" என்றார் சலூன்காரர், பெரிய பாரம் இறங்கினவராக. "இதுவே போதும் எனக்கு."

அந்த அவசரம் அவள் காதில் விழாமல் இல்லை. வெயிலில் வந்த களைப்பு என்று விட்டுவிட்டாள். இரண்டு வாரத்துக்குள் பிடிக்காவிட்டால் மாற்றித் தருகிறேன் என்று கடைக்காரன் வாயால் சொன்னதை, ரசீதின் பின்பக்கம் அவன் கையாலேயே எழுத வைத்து, கையெழுத்து வாங்கி, தேதியும் போட வைத்தாள்.

வீட்டில் அவர் தினமும் காலையில் வாசித்தார். ஹெட்போன் வேண்டாம், சத்தமாகவே வாசியுங்கள், கண்காணிப்பில் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டாள். ஐந்து சத்தமும் பிசகில்லாமல் வந்தன. நான் பார்த்து வாங்கினது சோடை போகுமா என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமை பேசினாள்.

பன்னிரண்டாவது நாள். தொழிற்சாலையில் மதியத்துக்கு முன்னால் ஒரு தட்டு டொக் என்றது. தொட்டிக்குப் போனது. அடுத்ததும் டொக். அதுவும் போனது. மூன்றாவதும் டொக். கை தானாகவே நின்றது. தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சுத்தியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். தலையில் நூல் மாதிரி ஒரு பிளவு. தட்டுகள் மேல் ஒரு தப்பும் இல்லை. சுத்திதான்.

"வேற சுத்தி குடுங்கப்பா" என்று திரும்பினவள் அப்படியே நின்றுவிட்டாள்.

மூன்று பெட்டி. மூன்றிலும் நாலாவது, ஐந்தாவது. உறை பிரிக்காத பெட்டியில்கூட. கடைக்காரன் அழுத்தினால் டங், அவர் அழுத்தினால் டொக். அடிப்பாவி, அன்றைக்குப் பெட்டியைத்தானே சந்தேகப்பட்டாய், சுத்தியைப் பார்த்தாயா? அன்றைக்குச் சுத்தி எது? டம்ளர்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. மேற்பார்வையாளரிடம் அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு, மேலங்கியைக்கூடக் கழற்றாமல் கிளம்பினாள்.

சலூனுக்கு எதிரே மருந்துக்கடை ஓரமாக நின்று பார்த்தாள். ஒருத்தருக்கு மெஷினால் வெட்டினார். அடுத்தவர் காதோரம் கையைக் காட்டிக் கத்திரிக்கோல் என்று ஏதோ கேட்டார். சலூன்காரர் சிரித்து, தலையாட்டி, அவருக்கும் மெஷினையே எடுத்தார். கத்திரிக்கோல்கள் கண்ணாடிக்குக் கீழே வரிசையாகத் துடைத்து வைத்தபடி இருந்தன. ஒன்றைக்கூட அவர் தொடவில்லை. தெருவைக் கடந்து உள்ளே போனாள். காத்திருந்த இரண்டு பேரும் பத்திரிகையை இறக்கிப் பார்த்தார்கள். ஆண்கள் சலூனில் ஒரு பெண், அதுவும் உடம்பெல்லாம் பீங்கான் தூளோடு! அவள் நேராகப் போய்ச் சுழலாத நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"என்னம்மா, இந்த நேரத்துல?"

"முடி நுனி வெட்டணும். கத்திரிக்கோல்ல வெட்டுங்க."

"வீட்ல வந்து..."

"இப்ப வெட்டுங்க. இங்கயே."

அவர் கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு கத்திரிக்கோலை எடுத்தார். கட்டைவிரல் ஒரு வளையத்தில் நுழைந்தது. மோதிர விரலை இன்னொரு வளையத்தில் நுழைக்க இடது கையால் உதவி செய்ய வேண்டி இருந்தது. ஒரு தடவை வெட்டினார். இரண்டாவது தடவை விரல் மூடவில்லை. கத்திரிக்கோல் நழுவி அவள் மடியில் விழுந்தது.

மாடியில் யாரோ ஐந்து விரல் பாடம் பழகும் சத்தம் மட்டும் கூரை வழியாக இறங்கிக்கொண்டிருந்தது.

"எத்தனை நாளா?"

"எட்டு மாசம். முதல்ல மரத்துப் போச்சு. அப்புறம் பலமே இல்ல. இந்த ரெண்டு விரல் மட்டும்தான்." தலையைக் குனிந்துகொண்டார். "அந்தப் பொண்ணு மாடியில பசங்ககிட்ட சொல்லிக்கிட்டே இருக்கும், பழகப் பழக அஞ்சு விரலும் சமமா வந்துரும்னு. அதைக் கேட்டு கேட்டு... வந்துரும்னு நெனச்சேன். பாட்டும் பிடிக்கும்தான், பொய் சொல்லல."

"என்கிட்ட ஏங்க சொல்லல?"

சலூன்காரர் அவள் மடியில் கிடந்த கத்திரிக்கோலை இடது கையால் எடுத்தார்.

"உன் வேலைதான் எனக்குத் தெரியுமே. விரிசல்னு தெரிஞ்சா தொட்டியில போட்டுருவ."

டங்கு அக்கா அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து அழுதாள். ஊரையெல்லாம் சந்தேகப்பட்டுவிட்டுப் பக்கத்தில் படுத்திருப்பவரைக் கவனிக்காமல் விட்டோமே என்று அழுதாள். நம்மைப் பார்த்து இந்த மனுஷன் இப்படிப் பயந்துபோயிருக்கிறாரே என்று இன்னும் அதிகமாக அழுதாள். காத்திருந்தவர்களில் ஒருவர் எழுந்து போய்க் கதவில் 'மூடியிருக்கிறது' அட்டையைத் திருப்பி வைத்துவிட்டு, இன்னொருவரையும் கையோடு அழைத்துக்கொண்டு வெளியேறினார்.

"நான் தட்டைத்தான் தொட்டியில போடுவேன்" என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "மனுஷனை எங்கயாவது போட்டிருக்கேனா? கிளம்புங்க, டாக்டர்கிட்ட போவோம்."

முழங்கையில் ஒரு நரம்பு நசுங்குகிறது என்றார் டாக்டர். முப்பது வருஷமாகக் கையை மடக்கி வைத்தே வேலை பார்த்ததால் வந்தது. "நரம்பு முழுசா போயிடல. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா கஷ்டம்" என்றார். தூங்கும்போது கை மடங்காமல் இருக்க ஒரு பட்டை கட்டச் சொன்னார். கத்திரிக்கோல் இப்போதைக்குக் கூடாது. கீபோர்டு வாசிக்கலாம், ஆனால் முழங்கையை ரொம்ப மடக்காமல், வலிக்காமல். மூன்று மாதம் பார்த்துவிட்டு, தேறவில்லை என்றால் ஆபரேஷன். டங்கு அக்கா அவரை நம்பவில்லை. இரண்டாவது ஒரு டாக்டரிடம் போனாள், அவரும் அதையேதான் சொன்னார். மூன்றாவது டாக்டரிடம் போகவில்லை. மூன்று பேரும் ஒன்றையே சொன்னால் யாரைச் சந்தேகப்பட வேண்டும் என்று இப்போது அவளுக்குத் தெரியும்.

பதினாலாவது நாள் அவள் பெட்டியோடு கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தபோது, கடைக்காரனின் சிரிப்பு முதல் தடவையாகக் காணாமல் போனது.

"என்னக்கா, என்ன ஆச்சு?"

"இதுல ஒரு கோளாறும் இல்ல. அதான் வேணாம். எப்படி அழுத்தினாலும் நல்லாருக்குன்னே சொல்லுது, பொய் சொல்ற பெட்டி. அன்னிக்கு மந்தமா இருக்குன்னு சொன்னேனே, அந்த மூணுல ஒண்ணைக் குடு." ரசீதைத் திருப்பி அவன் கையெழுத்தை அவன் முன்னாலேயே நீட்டினாள். பிறகு குரலைத் தணித்து, "அன்னிக்கு உன்னைத் தப்பா பேசிட்டேன்பா. மனசுல வச்சிக்காத" என்றாள். அவன் அதை நம்புவதா வேண்டாமா என்று தெரியாமல் உள்ளே போய்ப் பெட்டியை எடுத்து வந்தான்.

இப்போது தினமும் காலையில் அவர் வாசிப்பார், அவள் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்பாள். டங், டங், டங், டொக், டொக். "பரவால்ல, வாசிங்க" என்பாள். மறுநாளும் அதுதான். ஒரு மாதம் போனது, இரண்டாவது மாதமும் பாதி போனது. மாடி வகுப்பில் சேர்ந்தார். டீச்சர் பெண்ணிடம் திட்டும் வாங்கினார். சலூனில் மெஷின் வெட்டு மட்டும்தான், சில வாடிக்கையாளர்கள் வேறு கடைக்குப் போய்விட்டார்கள். டாக்டர் சொன்ன கெடு நெருங்க நெருங்க, டங்கு அக்காவுக்குத் தூக்கம் குறைந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. டங், டங், டங்.

டங்.

அவள் கண்ணைத் திறந்தாள். உடனே சந்தேகம் வந்துவிட்டது. இந்த மனுஷன் என்னைச் சமாதானப்படுத்த வேறு விரலால் அழுத்திவிட்டாரோ? கத்திரிக்கோல் விஷயத்தில் எட்டு மாதம் ஏமாற்றியவர்தானே?

"அப்படியே இருங்க! கையை எடுக்காதீங்க!"

திரும்பி ஓடி வந்து குனிந்து பார்த்தாள். நாலாவது கட்டையை அழுத்திக்கொண்டு இருந்தது மோதிர விரல்தான். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவளையே பார்த்தார்.

அவள் அந்த விரல் மேல் தன் விரலை வைத்துக் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மறுபடியும் சுவர் பக்கம் திரும்பினாள்.

"இன்னொரு தடவை வாசிங்க" என்றாள். "அஞ்சாவதை நான் இன்னும் கேக்கல."